கை தயங்கும் இடம்

வரைகோல் எழுதியது:

இருபது வருஷமாக வடிவமைப்புதான் பிழைப்பு. கோவையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, ஜவுளிக்கடைப் பை என்று தொடங்கினேன். பிறகு இணையதளங்கள். இப்போது பல வருஷமாக மொபைல் செயலிகள். பையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கும். படம் வரையத்தான் வாங்கினேன், ஆனால் அதில் எழுத்துதான் அதிகம். யாராவது ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது அவர்கள் கை எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைப்பேன். லிஃப்டில், ஏடிஎம்மில், பெட்ரோல் பங்க்கில், ஹோட்டல் குளியலறைக் குழாயில். தேதி, இடம், எவ்வளவு நேரம் நின்றது. இப்போது பதினோராவது நோட்டு ஓடுகிறது.

இதை இங்கே எழுதத் தோன்றியதற்குக் காரணம் அம்மா.

போன வருஷம் முழங்கால் வலிக்கு அம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் கொடுக்க ஆள் கிடையாது, மெஷின்தான். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அம்மாவே வரிசையில் நின்று மெஷின் முன்னால் போய்விட்டார். தூரத்திலிருந்தே பார்த்தேன். ஆள்காட்டி விரல் திரைக்கு ஓர் அங்குலம் முன்னால் அப்படியே நிற்கிறது. திரையில் நான்கு பெட்டிகள், நான்கும் ஒரே நீலம். தமிழில்தான் எழுதியிருந்தது. ஆனால் பெட்டியின் உயரம் போதாமல் எழுத்தின் தலை வெட்டுப்பட்டு, 'கட்டணம்' என்பது 'கடடணம' என்று நின்றது. தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிற மனுஷி அதை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் "சீக்கிரம்மா" என்றார். அம்மா வரிசையை விட்டு விலகி வந்து, "எனக்கு இதெல்லாம் தெரியாது சாமி" என்றார்.

அவருக்கு என்ன தெரியாது? தமிழ் தெரியும், டோக்கன் எதற்கு என்று தெரியும், எந்த டாக்டரைப் பார்க்க வந்தோம் என்று தெரியும். அந்தப் பெட்டியை வரைந்தவருக்குத்தான் ஒன்று தெரியவில்லை. ஆங்கில எழுத்தை வைத்து உயரம் அளந்திருக்கிறார். தமிழுக்கு மேலே புள்ளிக்கும் ஈகாரச் சுழிக்கும் இடம் வேண்டும், கீழே 'கூ'வுக்கும் 'ழு'வுக்கும் இடம் வேண்டும் என்று யோசிக்கவில்லை. 2013இல் நானே ஒரு செயலியில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். அன்றைக்கு யார் வீட்டு அம்மா "எனக்குத் தெரியாது" என்று போனை மகன் கையில் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் வேலை விஷயமாக டோக்கியோவில் பத்து நாள் இருந்தேன். ஊர் சுற்ற ஒரே ஒரு நாள் கிடைத்தது. அதில் ஒரு மணி நேரத்தை உவேனோ ஸ்டேஷன் டிக்கெட் கேட்டுக்கு அருகே ஒரு தூணில் சாய்ந்து கைகளைப் பார்த்தே கழித்தேன். குடை பிடித்த கை, குழந்தையைத் தூக்கிய கை, காய்கறிப் பை தொங்கும் கை. எல்லாம் சூயிகா என்ற ரயில் பயண அட்டையைக் கேட்டின் மேல் வைத்து எடுத்துவிட்டு நடை மாறாமல் போய்க்கொண்டிருந்தன. நோட்டில் அன்றைக்கு எழுதியது ஒரே வரி: 'யாரும் நிற்கவில்லை'.

ஊர் திரும்பி அந்தக் கேட்டின் கதையைத் தேடிப் படித்தேன். அட்டை வைக்கிற பலகை சமதளமாக இல்லை. பயணியைப் பார்த்து 13.5 டிகிரி சாய்ந்து, ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறது. யாமனாகா ஷுன்ஜி என்ற வடிவமைப்பாளரின் வேலை. அட்டை புழக்கத்துக்கு வந்தது 2001 நவம்பரில். அதற்குப் பல வருஷம் முன்பே மாதிரிக் கேட்டுகளைச் செய்து ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அட்டையைப் படிக்க மெஷினுக்கு 0.2 விநாடி போதும். ஆனால் அந்த 0.2 விநாடி அட்டை சரியான இடத்தில் இருக்க வேண்டுமே! ஒருவர் செங்குத்தாகக் காட்டுகிறார், ஒருவர் ஆட்டுகிறார், இன்னொருவர் எங்கே வைப்பது என்று தேடுகிறார். பலகையைச் சாய்த்து ஒளி கொடுத்ததும் கை தானாக அங்கே போயிருக்கிறது.

'ஜனங்களுக்குப் புதுசு, போகப்போகப் பழகிவிடும்' என்று அவர்கள் விட்டிருக்கலாம். நம் ஊர் மீட்டிங்குகளில் வாரம் ஒருமுறையாவது நான் கேட்கிற வசனம் அது. அவர்கள் விடவில்லை. எனக்கு அந்த 13.5 மேல் பக்தியே உண்டு.

உங்கள் கை எங்கே நின்றது? வேலையில், பயணத்தில், விளையாட்டில், வீட்டில், எதுவானாலும் எழுதுங்கள்.


ஈயஎழுத்து எழுதியது:

தம்பி, 'கடடணம' என்று படித்ததும் எனக்குப் பழைய அச்சாபீஸ் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. 1971 முதல் மதுரையில் கம்பாசிட்டர் வேலை, அதாவது ஈய எழுத்துகளைப் பொறுக்கி வார்த்தையாகக் கோக்கிற வேலை பார்த்தவன் நான்.

ஈய எழுத்தில் முதலில் தேய்வது புள்ளிதான். மெஷின் அழுத்தத்தை அந்தச் சின்னக் குமிழ் எத்தனை நாள் தாங்கும்? பழைய எழுத்தை வைத்துக் கோத்தால் புரூஃபில், அதாவது திருத்தம் பார்க்க எடுக்கிற பிரதியில், 'க்' எல்லாம் 'க' ஆகியிருக்கும். எங்கள் ஃபோர்மேன் புரூஃபைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பிடித்தால் கண் வார்த்தையைப் படித்துவிடும், இல்லாத புள்ளியையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். தலைகீழாகப் பிடித்தால் வார்த்தை மறைந்துவிடும், புள்ளி மட்டும் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். திரையிலும் செய்யலாம், போனைத் திருப்பினால் போதும்.

ஓலைச் சுவடியில் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்வார். அது ஊறிப்போன புலவருக்குச் சரி. முழங்கால் வலியோடு வரிசையில் நிற்கிற அம்மாவிடம் அந்தப் புலமையைக் கேட்பது என்ன நியாயம்?

கை நின்ற இடம் கேட்டீர்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935இலேயே 'குடிஅரசு'வில் கையாண்ட வடிவங்கள்தான். ணா, றா, னா; ணை, லை, ளை, னை; பிறகு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மொத்தம் 13. அதற்கு முன்னால் துதிக்கை போட்ட லை, சுழித்த றா எல்லாம் தனித்தனி எழுத்து, கேஸ் என்கிற மர எழுத்துப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. 'மாலை' என்று கோக்க வேண்டுமானால் என் கை என்னைக் கேட்காமலே அந்த 'லை' அறைக்குப் போகும். ஆணைக்குப் பிறகு அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். ஆனாலும் கை போய்க்கொண்டே இருந்தது. வெறும் மரத்தில் விரல் படும், நிற்கும், பிறகு ஐகாரக் கொம்பைத் தேடித் திரும்பும். நான்கைந்து மாசம் அப்படி. படிக்கிறவர்களுக்கு அவ்வளவு சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. சிரமம் முழுவதும் எங்கள் விரலில் இறங்கியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சிரமம் யார் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இருந்தது.


தாயக்கட்டை எழுதியது:

ஐயா எழுதிய கடைசி வரியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வரைகோல் அண்ணா, நான் சென்னையில் மொபைல் கேம் செய்கிற சின்ன டீமில் இருக்கிறேன். உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் தொழிலில் கை நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால் அது விளையாட்டே இல்லை.

ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடு வைக்கிறவர் ஒவ்வோர் ஆட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, இங்கே வைத்தால் புலி தாண்டுமா, அங்கே வைத்தால் முதுகுப்புறம் திறந்துவிடுமா என்று நிற்பார். எங்கள் பாட்டி ஊரில் கோயில் மண்டபத் தரையில் அந்தக் கட்டம் செதுக்கியிருக்கும். பெரியவர் ஒருவர் புளியங்கொட்டையை விரலிடுக்கில் வைத்து உருட்டிக்கொண்டே ஐந்து நிமிஷம் யோசிப்பார், சுற்றி நிற்கிற நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த ஐந்து நிமிஷம்தான் ஆட்டத்தின் ருசி.

ஆனால் அதே விளையாட்டுத் தொழில்தான் உங்கள் 13.5 டிகிரியையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமின் முதல் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கம் என்று ஓர் எழுத்துக் கிடையாது. மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. போக வேண்டிய திசை புரிந்துவிடுகிறது. எதிரே கூம்பா என்ற குட்டி எதிரி வருகிறது. முதல் தடவை இடித்துச் சாகிறோம். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில விநாடிதான் ஆகியிருக்கிறது, அதனால் பெரிய நஷ்டமில்லை. அடுத்த தடவை குதிக்கிறோம், தலை கேள்விக்குறிப் பெட்டியில் முட்டுகிறது, காசு வருகிறது. இன்னொரு பெட்டியிலிருந்து காளான் வெளியே வந்து வலப்பக்கமாக ஓடுகிறது, குழாயில் மோதித் திரும்பி நம் மேலேயே வருகிறது. பயந்து ஒதுங்கக்கூட இடம் இல்லை. தொட்டதும் மாரியோ பெரியவன் ஆகிறான். காளான் நல்லது என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிட்டார்கள். அந்த கேமை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ பிற்பாடு ஒரு பேட்டியில் இதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார்.

பல்லாங்குழியிலும் இது உண்டு. கையில் இருந்த சோழி தீர்ந்து அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அந்த வெறுங்குழியை விரலால் தடவிவிட்டுத்தான் அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளுவோம். அந்தத் தடவல் எதற்கு? எதிரே இருப்பவருக்கு 'என் முறை முடிந்தது' என்று காட்டுவதற்கு. குழந்தைகூட இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். நான் செய்த பல்லாங்குழி கேமில் முதலில் அது இல்லை. முறை முடிந்ததும் சோழி தானாகப் பறந்து போய்ச் சேர்ந்தது. ஆடிப் பார்த்த என் பெரியம்மா, "யாரு எடுத்தா? எப்ப எடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தடவலைத் திரும்பக் கொண்டுவந்தேன், வெறுங்குழியில் விரல் வைத்து இழுத்தால்தான் சோழி வரும். பெரியம்மா அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆக, தயக்கம் வேறு, கூச்சம் வேறு என்று நினைக்கிறேன். மண்டபத்துப் பெரியவர் தயங்கினார். உங்கள் அம்மா கூசினார். விளையாட்டில் தப்புக்கு விலை குறைவு, திரும்ப ஆடலாம், சுற்றி நிற்பவர்களும் நம் ஆட்கள். டோக்கன் மெஷினில் தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று தெரியாது, பின்னால் நிற்பவரோ அவசரப்படுகிறார். உங்கள் நோட்டில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுகிறீர்களா அண்ணா?


வரைகோல் எழுதியது:

பிரித்து எழுதவில்லை தங்கச்சி. பதினோரு நோட்டிலும் எவ்வளவு நேரம் கை நின்றது என்று இருக்கிறது. பின்னால் யார் நின்றார் என்று எங்கேயும் இல்லை. நேற்று ராத்திரி மூன்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இனிமேல் அதற்கும் ஒரு கட்டம் போடுகிறேன்.

ஐயா, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். நான் போன மாசம் முடித்துக் கொடுத்த திரையில் இரண்டு இடத்தில் புள்ளி பெட்டி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தபோது எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கே திருத்தம் அனுப்பிவிட்டேன்.


வெண்கோல் எழுதியது:

எனக்குப் பார்வை கிடையாது. நீங்கள் எழுதியதையெல்லாம் ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள், வாசிக்கக் கேட்டேன். கை என்று நீங்கள் சொல்வதை நான் கால் என்றும் காது என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பான் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஸ்டேஷன் நடைமேடையில் மஞ்சள் ஓடு பதித்திருப்பார்களே, அதைக் கண்டுபிடித்தவர் மியாகே செயிச்சி. பார்வை மங்கிக்கொண்டிருந்த நண்பருக்காக 1965இல் யோசித்தது. 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் போகலாம், குமிழ் இருந்தால் நிற்க வேண்டும். உலகம் முழுக்க அந்த இரண்டு வார்த்தைதான் மொழி. சென்னை மெட்ரோவுக்குள்ளும் இருக்கிறது, என் செருப்புக்கு அது நன்றாகப் புரிகிறது.

வெளியே வந்தால் கதை மாறுகிறது. ஒரு நகரத்தின் புது நடைபாதையில் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கோடு நேராக ஒரு மின்பெட்டியில் போய் முடிந்தது. நடுவில் குமிழ் ஓடு ஒன்றுகூட இல்லை. 'போ, போ' என்று சொல்லிக்கொண்டே கூட்டிப் போய் இடிக்கவிட்டது. நெற்றியில் மூன்று தையல். வலியைவிட, என் கால் அந்த ஓடுகளை நம்பியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஓடு இல்லாத தெருவில் நான் கோலைத் தட்டி, காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன். ஓடு இருந்ததால் வேகமாக நடந்தேன். பதித்தவர் பார்வையுள்ளவர், மஞ்சள் கோடு போட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது, போட்டார். கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் பத்தடி நடந்திருந்தால் போதும்.

போனிலும் இதேதான். பணம் அனுப்புகிற செயலி ஒன்றில் ஒருநாள் அப்டேட் வந்தது. அதற்கு முன்னால் 'பணம் செலுத்து, பட்டன்' என்று வாசித்த இடத்தில் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் வாசித்தது. வார்த்தையை எடுத்துவிட்டு அழகான படங்களை வைத்திருக்கிறார்கள், படத்துக்குப் பெயர் எழுதவில்லை. பெயர் எழுதுவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு மாசம் என் பணத்தை அனுப்ப மற்றவரிடம் என் போனையும் ரகசிய எண்ணையும் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரில் நான் பயன்படுத்துவது என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதில் எனக்கு இடறுகிற இடம் மிகக் குறைவு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வரைகோல் சார், உங்கள் செயலிகளை எங்களில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்ததுண்டா?


நிலவறை எழுதியது:

வெண்கோல் சொன்னதற்கு முன்னால் என் மனக்குறை சின்னதுதான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நண்பர் வரைகோல், கை எங்கேயும் நிற்காதபடி செய்வதை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். என் வீட்டில் நடந்தது இது. பையனுக்குப் பதினொரு வயது. ஒரு கேமில் 'இன்னும் 4 நிமிஷம்தான்' என்று கடிகாரம் ஓடுகிறது, தங்க நாணய மூட்டை மின்னுகிறது, ஒரு தொடுதல்தான், வாங்கியாயிற்று. கார்டு விவரம் ஏற்கெனவே சேமித்திருந்தது. மூன்று நாளில் 8,000 ரூபாய்க்கு மேல். எங்கேயும் அவன் கையை எதுவும் நிறுத்தவில்லை. அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அவன் அழுதுகொண்டே "காசு போகும்னு அதுல சொல்லவே இல்லப்பா" என்றான். பார்த்தேன், சொல்லத்தான் இல்லை. ரூபாய் என்ற வார்த்தையே அந்தத் திரையில் கிடையாது. வைரம், நாணயம், மூட்டை.

வாங்குவதற்கு ஒரு தொடுதல். அதையே ரத்து செய்யப் போனேன், ஏழு திரை. இதுவும் யாரோ ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து, கைகளைப் பார்த்து, நோட்டில் எழுதிச் செய்ததுதானே?

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய தந்திரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. 13 வகை பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொய் அவசரம், கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பது, 'வேண்டாம்' என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது, சந்தாவிலிருந்து வெளியே வரவிடாமல் மாட்டிவைப்பது, இப்படி. படித்தபோது எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி ஞாபகம் வந்தது. உங்கள் பதினோரு நோட்டில் இவை உண்டா?


வரைகோல் எழுதியது:

உண்டு நண்பரே. நான்காவது நோட்டில். மற்றவர் செய்ததை அல்ல, நான் செய்ததை எழுதியிருக்கிறேன்.

2016இல் ஒரு நிறுவனத்தில் மாதச் சந்தா செயலி ஒன்று. முதல் மாசம் இலவசம், பிறகு தானாகப் பணம் பிடிக்கும். 'சந்தாவை நிறுத்து' என்ற பட்டன் அமைப்புகளில் முதல் பக்கத்தில் இருந்தது. அதை உள்ளே தள்ளச் சொன்னார்கள். நான் தள்ளினேன். முதலில் இரண்டு திரை உள்ளே. பிறகு மூன்று. கடைசியில் சாம்பல் எழுத்தில், அடியில். ஒவ்வொரு முறையும் அறைக்கு ஆட்களைக் கூட்டி வந்து அவர்கள் கை எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கூடுதலாக நின்றால் அன்றைக்கு எனக்கு வெற்றி. அதே கண், அதே நோட்டு, அதே பேனா. ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர், எட்டு நிமிஷம் தேடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கண்ணு சரியில்ல தம்பி, அதான்" என்றார். பட்டன் இருந்த இடம் எனக்குத் தெரியும். நான்தான் ஒளித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த மாசம் அந்த வேலையை விட்டேன். விட்டதால் அந்த எட்டு நிமிஷம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் திரை அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது.

ஆகவே நீங்கள் கேட்டது நியாயம். கை நிற்காமல் இருப்பது மட்டும் நல்லது என்று நான் எழுதியிருந்தால் அது தவறு. பணம் கையை விட்டுப் போகும் இடத்தில் கை நின்றே ஆக வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயரைக் காட்டுகிறார்களே, பிறகு ரகசிய எண் கேட்கிறார்களே, அந்த நிறுத்தம் எனக்குப் பிடிக்கும். எங்கள் தெருக் கீரைக்கார அக்கா கடையில் ஒலிப்பெட்டி இருக்கிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்து அவர் கை எப்போதும் ஈரம், போனைத் தொட முடியாது. பெட்டி தொகையைச் சத்தமாகத் தமிழில் சொல்கிறது. வாங்குகிறவரும் அது சொல்லும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார். இரண்டு பேருக்கும் அந்த நிற்றல் தேவைப்படுகிறது.

வெண்கோல், நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒரே ஒருமுறைதான், அதுவும் வாடிக்கையாளர் கேட்டதால். உங்களுக்குச் சம்மதமானால் இப்போது செய்கிற வேலையை உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நேரத்துக்குரிய கட்டணத்தோடு.


வடலி எழுதியது:

நான் டொராண்டோவில இருக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து முப்பது வருஷம். மகளுக்குத் தமிழ் கேட்டா விளங்கும், வாசிக்கத் தெரியாது.

இஞ்ச ஒரு சின்ன நிறுவனம் 2023இல 'வெண்பா' எண்டு ஒரு கேம் செய்தவை. கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின்ர சமையல் கதை. தாயின்ர சமையல் புத்தகம் கிழிஞ்சு போய்க் கிடக்கும், விட்டுப்போன இடத்தை நாங்கள் யோசிச்சு நிரப்பவேணும். முதல்ல வாறது இட்லி. மகள் அதில நிண்டிட்டாள். என்னைக் கூப்பிட்டாள், "அம்மா, தட்டை எப்பிடி அடுக்கிறது?" நான் அடுப்படிக்குப் போய் எங்கட இட்லிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து காட்டினன். ஒரு தட்டின்ர குழி மற்றத் தட்டின்ர குழிக்கு நேர வராமல் திருப்பி வைக்கவேணும் எண்டு. அவள் வீட்டில இட்லி சாப்பிட்டது எத்தனை ஆயிரம், ஒரு நாளும் அந்தத் தட்டைக் கையில எடுத்துப் பாத்ததில்லை.

தாயக்கட்டை தங்கச்சி சொன்ன நல்ல தயக்கம் எண்டு நான் இதைத்தான் சொல்லுவன். அவளின்ர கை நிண்டதாலதான் என்னைக் கூப்பிட்டவள்.


பொறிவாளன் எழுதியது:

வரைகோல் அண்ணா, நான் நிரல் எழுதுகிறவன். வடிவமைப்பாளர் இல்லாத சின்ன கம்பெனி. தமிழ்த் திரைக்கு நடைமுறையில் என்ன கவனிக்க வேண்டும்? நீளமாக வேண்டாம், இன்றைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.


வரைகோல் எழுதியது:

தம்பி, பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காதே, எழுத்துக்கு ஏற்ப வளரவிடு. வரி உயரம் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வை. நான் எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைக்கிறேன். சோதிக்கும்போது 'வணக்கம்' என்று போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடாதே. 'நீக்கு', 'பூட்டு', 'கூட்டுறவு', 'ஸ்ரீ' எல்லாம் போட்டுப் பார். மேலே முட்டுவதும் கீழே முட்டுவதும் அப்போதுதான் தெரியும்.

முக்கியமாக, வார்த்தையை எண்ணிக்கை வைத்து வெட்டாதே. 'தமிழ்' என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினியின் எழுத்துக் கணக்கான யூனிகோடில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நான்கில் வெட்டினால் 'தமிழ' என்று நிற்கும். எந்தெந்த இடத்தில் வெட்டலாம் என்று எழுத்துக் கொத்துகளைப் பிரித்துத் தரும் வசதி எல்லா முக்கிய நிரல்மொழிகளுக்கும் இருக்கிறது, அதைப் பயன்படுத்து. பிறகு ஐயா சொன்ன மாதிரி போனைத் தலைகீழாகத் திருப்பு. கடைசியாக, ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உன் செயலியில் ஒரு வேலையை முடித்துப் பார்.


ஈயஎழுத்து எழுதியது:

'கூட்டுறவு' நல்ல வார்த்தை. நாங்கள் புது எழுத்து வந்தால் 'கூழ்ப்பூண்டு' என்று கோத்துப் பார்ப்போம். அர்த்தம் ஒன்றும் கிடையாது. மேலும் கீழும் இடிக்கும், அதற்காக.


வரைகோல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

இப்போது செய்வது பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கான கணக்குச் செயலி. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று பால் ஊற்றுகிறவரே போனில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வெண்கோல் முதல் வாரமே பார்த்துக் கொடுத்தார். எண்ணுக்கு முன்னால் எது லிட்டர், எது கொழுப்பு என்று வாசிக்காமல் 'நாலு புள்ளி ரெண்டு, எட்டு புள்ளி மூணு' என்று ஓடுவதைக் கண்டுபிடித்தது அவர்தான். காதால் கேட்டால் எது எதுவென்று புரியாது. மாற்றிவிட்டோம்.

முந்தாநாள் காலை ஐந்தரை மணிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தேன். தூக்குப் பாத்திரம், கேன், இரண்டு கன்றுக்குட்டி, டீ. ஆறு அக்காமாரிடம் போனைக் கொடுத்தோம். புள்ளியெல்லாம் முழுசாக இருந்தது. வண்ணம் தெளிவாக இருந்தது. ஈரக் கைக்கு என்று பட்டனைப் பெரிதாக்கியிருந்தேன். ஐந்து பேர் கடகடவென்று போய்விட்டார்கள்.

ஆறாவது அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணக்கைப் பார்த்தார், சரி என்றார், அடுத்த திரை. விரல் நின்றது. புது நோட்டில் புதுக் கட்டத்தில் எழுதினேன்: பின்னால் நான்கு பேர், எல்லாரும் தெரிந்தவர்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. பதினான்கு விநாடி. பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது என்ன கண்ணு, 'தொடர்'ன்னு போட்டிருக்குது? டிவி நாடகமா?"

இத்தனை வருஷமாக எல்லாத் திரையிலும் நான் அந்த வார்த்தையைத்தான் போட்டுவருகிறேன்.

"நீங்களா இருந்தா அங்க என்னக்கா போடுவீங்க?" என்றேன். பால் கேனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"'அடுத்தது'ன்னு போடு."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். அவர் திரும்ப வாங்கிப் பார்த்தார். பெருவிரலால் தொட்டார், போனைக் கொடுத்தார், போனார்.